இரண்டு மணி வரை அசையாதே

லிஃப்ட் மெக்கானிக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். உருளை தேய்ந்திருக்கிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா, கதவு சட்டத்தில் உரசுகிறதா என்று பெட்டிக்குள் ஏறுவதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். இருபது வருடமாக அவருக்குச் சோறு போட்டது அந்தக் காதுதான். கடந்த ஒன்றரை வருடமாக அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்ததும் அதே காதுதான்.

காலை ஆறு மணிக்கு அவர் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பார். அடுத்த அறையில் மகள் எழுந்திருக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஒன்பது வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தத்தித் தத்திப் போனதால் சிட்டு என்று கூப்பிட்டார்கள். நோய் வந்த பிறகு அந்தப் பெயரை மாற்றும் தைரியம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. முன்பெல்லாம் கட்டிலிலிருந்து குழாய்க்குப் பதினொரு அடி, தடதடவென்று. இப்போது ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். வெகுநேரம் கழித்து இன்னொரு அடி.

"என்னங்க, எந்திரிச்சிட்டாளா?" என்பாள் மனைவி. அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

"மூணாவது அடியில நிக்கிறா."

இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள். சிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டையாக நிற்பாள். சுடுதண்ணீரில் நனைத்த துண்டை முட்டியில் சுற்றி, மெல்ல மடக்கி, மெல்ல நீட்டி, பத்து மணி வாக்கில் கட்டை மறுபடியும் குழந்தையாகும். மத்தியானம் பார்த்தால் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள். முதல் பீரியடுக்கு ஒரு நாளும் வராததால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'முதல் பீரியடு மகாராணி' என்று பட்டம்.

தெருமுனை டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லாதவர். அதனாலேயே அவரிடம் போக மெக்கானிக்குக்குப் பயம்.

"உடம்பைக் காவல் காக்கிற படை இருக்கில்ல, அது வீட்டுக்காரங்களையே அடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஏன்னு கேக்காதீங்க, யாருக்கும் தெரியாது. அடக்கி வைக்க ஊசி இருக்கு. முட்டிக்குள்ள தேயறதுக்கு முன்னாடி போட்டாகணும். தேஞ்சது திரும்ப வளராது."

"எப்ப தேயும் டாக்டர்?"

டாக்டர் சிட்டுவை மேசையில் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். "கால் முழுசா நீள மாட்டேங்குது பாருங்க. அடியில ஒரு விரல் நுழையுது. ரெண்டு விரல், மூணு விரல்னு போக விடாதீங்க."

அன்றிலிருந்து மெக்கானிக் தினமும் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு விரல். மூன்று மாதம் கழித்து, ஒரு விரலும் அடுத்த விரலின் நகமும்.

ஊசி இருந்த இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்று: குழந்தை மூட்டழற்சி மற்றும் தன்னெதிர்ப்பு நோய்கள் உயர் ஆராய்ச்சி மேம்பாட்டு நிலையம். பெயர்ப்பலகை முகப்பில் கொள்ளாமல் மூலை திரும்பியிருந்தது. அதில் 'குழந்தை' என்ற சொல் மட்டும் பக்கவாட்டுச் சுவரில், குப்பைத்தொட்டிகளுக்கு மேலே வந்தது.

நடக்க முடியாத பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் வாசலில் இருபத்தேழு படிகள் இருந்தன. பக்கத்திலேயே ஒரு லிஃப்ட்டும் இருந்தது. மெக்கானிக் அதன் சத்தத்தைக் கேட்டதுமே மயங்கிப்போனார். அப்படி ஒரு அமைதியான லிஃப்ட்டை அவர் பார்த்ததில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தவரைப் பதிவறை எழுத்தர் ஓடிவந்து தடுத்தார்.

"சார், சார், அது எலிங்களுக்கு!"

"எலிக்கா?"

"ஆராய்ச்சி எலிங்க சார். மூட்டுவலி வரவெச்ச எலி. படி ஏறுனா அதுங்களுக்குச் சிரமம். குலுங்கினா ரிசல்ட் மாறிடும்."

மெக்கானிக் இருபத்தேழு படி ஏறினார். லிஃப்ட் 'டிங்' என்றது. உள்ளே கம்பளி விரித்த கூண்டுகள் மேலே போயின.

நிலையத்தில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் பிற்பகல் இரண்டு முதல் நான்கு. இரண்டு மணிக்குச் சிட்டு மான் மாதிரி நடந்தாள். இளம் டாக்டர் ஒருவர் எழுதினார்: 'நடை இயல்பு. தந்தை சற்றுப் பதற்றமானவர்.' அடுத்த மாதம்: 'நடை இயல்பு. தந்தையின் பதற்றம் தொடர்கிறது.' மூன்றாவது மாதம்: 'தந்தையின் பதற்றம் தீவிரமடைந்துள்ளது.' அந்தக் கோப்பின்படி நோய் முற்றிக்கொண்டிருந்தது மெக்கானிக்குக்குத்தான்.

"சார், காலையில பாத்தாதான் சார் தெரியும். ஒரே ஒரு நாள் காலையில பாருங்களேன்" என்று எழுத்தரிடம் கெஞ்சினார்.

எழுத்தர் இரக்கமுள்ளவர். ரப்பர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "காலையில எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கூட்டம் சார். எல்லா டாக்டரும் உள்ள இருப்பாங்க. முப்பது வருஷமா ஒரு நாள் தவறினதில்ல."

"என்ன கூட்டம்?"

"காலை இறுக்க ஆய்வுக் கூட்டம். காலையில மூட்டு ஏன் இறுகுதுன்னு. உலகத்துலயே அதைப் பத்தி இவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது."

"அவங்க யாராவது அதைக் கண்ணால பாத்திருக்காங்களா?"

எழுத்தர் அவரைப் பாவமாகப் பார்த்தார். "எப்படி சார் பாக்க முடியும்? காலையில கூட்டம் இருக்கே."

ஊசிக்கு ஒரே ஒரு நிபந்தனை. இறுக்கத்தை இயக்குநர் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது செல்லாது. பெற்றோர் சொல்வது வாய்மொழியிலும் சேராது.

இரண்டு விரல் முழுசாக நுழைந்த நாள் காலையில் மெக்கானிக் துண்டை நனைக்கவில்லை. சிட்டுவை அப்படியே, கட்டிலிலிருந்து எடுத்த கோலத்திலேயே தூக்கிக்கொண்டார்.

"ஏங்க, அவ வலிக்குதுன்னு அழறா, வெந்நீர் வெக்க வேணாமா?"

"வெச்சா சரியாப் போயிரும்" என்றார் மெக்கானிக். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வேகமாக வாசலுக்கு நடந்தார்.

கூட்ட அறையின் கதவு கனமானது. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நீள மேசையைச் சுற்றி இருபது பேர். சுவரில் முட்டியின் படம், வெட்டிய முட்டி, பெரிதாக்கிய முட்டி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிட்டு அப்பாவின் கையில் நாற்காலி வடிவத்தில் மடங்கி இருந்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். இதுதான். பாருங்க. இதுதான் காலையில."

இயக்குநர் மெல்ல எழுந்தார். வெள்ளைத் தாடி, தங்கச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கிட்டே வந்து சிட்டுவின் முட்டியை ஒரு விரலால் தொட்டார். சிட்டு 'ஸ்' என்றாள். அவர் கண் கலங்கியது.

"நண்பர்களே," என்றார், "இதைப் பற்றி நான் நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கிட்டத்தட்ட நான் எழுதியது போலவே இருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

"அப்ப ஊசி போட்டுடலாங்களா ஐயா?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி எட்டு இருபது. இது ஆலோசனை நேரம், பார்வை நேரம் இல்ல. நான் இப்ப பாத்தது பாத்ததாகாது."

"பாத்தீங்களே ஐயா, தொட்டீங்களே!"

"ஒரு மனுஷனா பாத்தேன். இயக்குநரா இன்னும் பாக்கல." அவர் குனிந்து சிட்டுவின் தாடையைப் பிடித்தார். "பாப்பா, சமத்தா இப்படியே இருக்கணும். ரெண்டு மணிக்கு மாமா வந்து பாப்பேன். அது வரைக்கும் அசையக் கூடாது, சரியா?"

அசையாமல் இருந்தால் இறுக்கம் போகாது என்பது அவருடைய நாற்பத்து மூன்றாவது கட்டுரை.

பக்கத்து அறையில் ஒரு நாற்காலியில் சிட்டுவை உட்கார வைத்தார்கள். கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள்: 'பாதுகாக்கப்படுகிறது. சூடேற்றாதீர்.' அரை மணிக்கொரு தரம் ஒரு இளம் டாக்டர் எட்டிப் பார்த்து, "அசையலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்தில் அவர் கை அந்த முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். இன்று அந்தக் கைகளைத் தன் கால்களுக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, மூக்கு அரிக்குது."

எழுந்து மூக்கைச் சொறிந்துவிட்டார்.

"அப்பா, கழுத்து அசைச்சா தப்பா?"

"வேணாம் கண்ணு. எதுக்கு வம்பு?"

"கண்ணு?"

"கண்ணு சிமிட்டலாம்."

பதினோரு மணிக்கு அவள் அழுதாள், அசையாமல். கண்ணீரை அவர் துடைத்தார். பன்னிரண்டு மணிக்குச் சுவருக்கு அப்பால் கூட்டம் முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன. இருபது பேரும் 'அப்பாடா' என்று எழுந்து, கை கால்களை உதறி, முதுகை நெளித்து, முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டு சாப்பிடப் போவது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

இரண்டு மணிக்கு ஊர்வலமாக வந்தார்கள்.

"எழுந்திரு பாப்பா" என்றார் இயக்குநர்.

சிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட மோசம். பாதி எழுந்து அப்படியே விழப்போனவளை மெக்கானிக் தாங்கினார். இயக்குநர் பரவசமாகப் பேனாவைத் திறந்தார். படிவத்தைப் பார்த்தார். பேனா நின்றது.

"ஒரு சிக்கல் இருக்கு. 'காலையில் இறுக்கம் உண்டா?'ன்னு கேட்டிருக்கு. இப்ப மத்தியானம் ரெண்டு."

மெக்கானிக்கின் காதில் ஏதோ அறுந்து விழுந்தது போலிருந்தது. கயிறு அறுந்தால் வரும் சத்தம் அது. பெட்டி இன்னும் விழவில்லை, விழப்போகிறது.

இயக்குநரின் முகமோ பிரகாசமாகிக்கொண்டே போனது. "காலையில் வருவது காலை இறுக்கம். பிற்பகலில் வந்தால்? நண்பர்களே, இது பிற்பகல் இறுக்கம்! உலகத்தில் இதுவரை யாரும் இதைப் பார்த்ததில்லை!" மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். உங்க பொண்ணுக்கு ஒரு புது நோய்."

"அதுக்கு மருந்து இருக்கா ஐயா?"

"நோயே இப்பத்தான வந்திருக்கு. அவசரப்படலாமா? முதல்ல ஒரு எலிக்கு வரவெக்கணும்."

அன்று காப்பாற்றியவர் எழுத்தர்தான். எல்லோரும் போன பிறகு, நடைவழியில் மெக்கானிக்கை ஓரமாக இழுத்தார். "அழாதீங்க சார். நல்லது நடந்திருக்கு, உங்களுக்குப் புரியல. காலை இறுக்கத்துக்கு மருந்து குடுக்க நாப்பது பக்கம் விதி இருக்கு. பிற்பகல் இறுக்கத்துக்கு ஒரு வரி கிடையாது. விதி இல்லாத நோய்க்கு எந்த மருந்தை வேணா குடுக்கலாம். அலமாரியில இருக்கிற அதே ஊசியை எழுதிக்கிட்டு வந்துடறேன். என்ன ஒண்ணு, மாசா மாசம் ரெண்டு மணிக்குப் பொண்ணு இறுகிக் காட்டணும். காட்டலேன்னா நோய் இல்லேன்னு அர்த்தம். நோய் இல்லேன்னா ஊசி நின்னுடும்."

மெக்கானிக் அவர் காலில் விழாத குறை.

ஊசி வேலை செய்தது. முதல் மாதம் இரண்டு விரல் ஒன்றரையானது. மூன்றாம் மாதம் ஒரு விரல். ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அடுத்த அறையில் தடதடவென்று பதினொரு அடி கேட்டது. கணவன் மனைவி இருவரும் படுத்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வியாழக்கிழமை நிலையத்துக்குப் போக வேண்டும்.

"ஊசியை நிறுத்தினா என்ன டாக்டர் ஆகும்?" என்று தெருமுனை டாக்டரிடம் கேட்டார்.

"இப்ப நிறுத்தினா திரும்பி வரும். கோபமா வரும்" என்றார் பொய் சொல்லாதவர்.

அன்று சாயங்காலம் கூடத்தில் ஒத்திகை ஆரம்பமானது.

"முட்டியை மடக்காத. செருப்பைத் தேச்சுக்கிட்டே வா. சர்ர்... சர்ர்... அப்படித்தான்."

"போதுமாப்பா?"

"உதட்டைக் கடிச்சுக்கோ."

"ஊரு உலகத்துல பெத்தவங்க பிள்ளைக்கு நேரா நடக்கக் கத்துக்குடுப்பாங்க" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "இங்க ஒருத்தர் நொண்டக் கத்துக்குடுக்கறார்."

"நீ வேணா வந்து வேற வழி சொல்லு."

அவள் அடுப்பை அணைத்தாள். வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இடுப்பையும் கொஞ்சம் சாச்சுக்கோடி" என்றாள்.

சிட்டு பிரமாதமாக நடித்தாள். ஆறு மாதம் ஊர்வலமாக வந்து பார்த்தார்கள், ஆறு மாதமும் கையெழுத்தானது. கோப்பில் ஒவ்வொரு மாதமும் ஒரே வரி: 'இறுக்கம் மிகக் கடுமை. மாற்றமில்லை.' மருந்து கொடுத்தும் மாற்றமில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. நோய் நிலையாக இருப்பது ஆராய்ச்சிக்கு நல்லது என்று இயக்குநர் குறிப்பு எழுதியிருந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். முதல் நாள் எப்படி நடந்ததோ அப்படியே நடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வர வேண்டும், அதே நாற்காலி, கதவில் அதே தாள், இரண்டு மணி வரை அசையக் கூடாது. நடிக்கிறவளுக்கும் அது உண்டு.

வருட முடிவில் நிலையத்தின் அரங்கிலேயே பிற்பகல் இறுக்கத்துக்கு ஒரு மாநாடு வைத்தார்கள். சிட்டுவை மேடையில் நடக்கவிட்டார்கள். சர்ர்... சர்ர்... அரங்கம் எழுந்து நின்றது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தை எங்களிடம் வந்தபோது இந்த நோய் உலகத்திலேயே இல்லை. இன்று இருக்கிறது! எங்கள் நிலையத்தின் முப்பது வருட உழைப்புக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நான் இங்கே வந்த புதிதில் ஆறே ஆறு நோய்கள்தான் இருந்தன. இப்போது பதினெட்டு. யாரும் குணமடையவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. குணமடைந்தவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் எதை ஆராய்வது? ஆனாலும் மகிழ்ச்சியான செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் எலிகள் இப்போது மாடிப்படி ஏறுகின்றன. லிஃப்ட் வேண்டாம் என்கிற அளவுக்கு முன்னேறிவிட்டன. இருந்தாலும் அவற்றுக்குப் பழகிவிட்டதால் லிஃப்ட் தொடர்ந்து இயங்கும்."

கை தட்டல் ஓய நேரமானது. இயக்குநர் மேடையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து.

மெக்கானிக் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழக்கமாக நடைவழி மூலை திரும்பும் வரைதான் நடிப்பு. மூலை திரும்பியதும் சிட்டு செருப்பைத் தூக்கிக் கையில் எடுத்துக்கொண்டு இருபத்தேழு படியும் தடதடவென்று இறங்கிவிடுவாள். அவர் பின்னால், "மெதுவா, யாராவது பாத்துரப் போறாங்க" என்று ஓடுவார்.

மூலை திரும்பினார்கள். சிட்டு செருப்பை எடுக்கவில்லை.

"இனிமே நடக்கலாம் கண்ணு. யாரும் இல்ல."

சிட்டு முதல் படியில் கால் வைத்தாள். மெக்கானிக்கின் காது விழித்துக்கொண்டது. ஆறு மாதமாகக் கேட்டுக்கேட்டு 'சர்ர்' அவருக்கு மனப்பாடம். இது அது இல்லை. உண்மையான இறுக்கத்துக்குச் சத்தம் கிடையாது. ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை அவருக்கு அடையாளம் தெரியும்.

இரண்டாவது படியில் அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் இப்ப நடிக்கலப்பா."

"தெரியும் கண்ணு."

"மேடையிலயும் நடிக்கல. நேத்தே இப்படித்தான் இருந்துச்சு. காலையிலயும் ஒத்திகை மாதிரியே தேச்சுக்கிட்டு வந்தேன். சொன்னா நீ பயப்படுவேன்னு..."

அவளைப் படியில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, முட்டிக்குக் கீழே கையை விட்டார். ஒரு விரல். இரண்டு விரல். மூன்றாவது விரலை நுழைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முட்டி அனலாகக் கொதித்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார். மாநாட்டு அரங்கின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விருந்து. பதிவறையில் எழுத்தர் அன்றைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், டாக்டரைக் கூப்பிடுங்க, சீக்கிரம். முட்டி வீங்கியிருக்கு. நீளவே மாட்டேங்குது. மருந்து கேக்கல போலிருக்கு, வேற ஏதாவது மாத்தணும் சார்!"

எழுத்தர் இரக்கமுள்ளவர். முத்திரையைக் கீழே வைத்தார். சிட்டுவின் கோப்பை எடுத்துப் பிரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"அதான் சார் ஏற்கெனவே எழுதியிருக்கே. 'இறுக்கம் மிகக் கடுமை.' ஆறு மாசமா இதே வரிதான், பாருங்க. இதுக்கு மேல எழுத இந்தப் படிவத்துல இடமே இல்ல. மாத்தம் ஒண்ணும் இல்லையே, என்னன்னு சொல்லி டாக்டரைக் கூப்பிடறது?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நன்றாக இருந்தவளுக்கு ஊசி கொடுத்ததாகிவிடும்; ஊசி நின்றுவிடும். சொல்லாவிட்டால் இன்று புதிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றாகும். வாயை மூடிக்கொண்டார்.

"தந்தை பதற்றம்னு வேணா ஒரு வரி சேத்துக்கறேன்" என்றார் எழுத்தர், ஆறுதலாக.

பக்கத்தில் லிஃப்ட் 'டிங்' என்று கதவைத் திறந்து, யாரும் ஏறாததால், சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் சிட்டுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். அவள் கழுத்தை அசைக்கவில்லை, கையை அசைக்கவில்லை. பழகிவிட்டிருந்தது. இருபத்தேழு படி. கேட்டதெல்லாம் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்தான்.